இரண்டாவது கையெழுத்து

எங்கள் குடும்பத்தில் டென்ஷன் பேர்வழி என்றால் அது நான்தான். பால் பொங்கி வழிந்தால் கத்துவேன், பஸ்ஸைத் தவறவிட்டால் அழுவேன். என் அக்கா அப்படியே நேர் எதிர். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறாள். அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "அவளைப் பாத்துக் கத்துக்கோ" என்று என்னிடம் சொல்லிச் சொல்லியே அம்மாவுக்கு வாய் வலித்துப்போனது.

அந்த மருந்தகத்தில் இரண்டு கையெழுத்து இல்லாமல் ஒரு மாத்திரைகூட வெளியே போகாது. ஒருவர் டாக்டர் சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்து வைப்பார். இன்னொருவர் அந்தப் பெட்டியைக் கையில் எடுத்து, அதன் மேல் அச்சடித்திருப்பதை வாய்விட்டுப் படித்து, பிறகு சீட்டோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். முதலில் சீட்டைப் படிக்கவே கூடாது, பெட்டியைத்தான் படிக்க வேண்டும் என்பது அங்கே முதல் விதி. அந்த இரண்டாவது கையெழுத்து அக்காவுடையது.

போன வருடம் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள். அவர்கள் இடத்துக்கு ஆள் போடவில்லை. அந்த வேலையும் அக்கா தலையில் விழுந்தது. மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே முடித்தாள், பிறகு அதையும் விட்டாள். தாடை வலிக்கிறது என்று பல் டாக்டரிடம் போனாள். "தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்க, நல்லாத் தேஞ்சிருக்கு. மனசுல ஏதாவது கவலையா?" என்று அவர் கேட்டாராம். "கவலைப்பட நேரம் எங்க டாக்டர்?" என்றாளாம் இவள். அதை எங்களிடம் ஜோக்காகச் சொன்னாள். நாங்களும் சிரித்துத் தொலைத்தோம்.

இன்னொரு நாள் அவள் மகள் ஓவியப் போட்டியில் முதல் பரிசு வாங்கி, சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறாள். அக்கா அதை மேலிருந்து கீழ்வரை பார்த்து, மேஜையில் வைத்து, "அடுத்தவங்க வாங்க" என்றாளாம். "சித்தி, அம்மா என்னை டோக்கன் நம்பர் ஆக்கிட்டாங்க" என்று அந்தக் குழந்தை எனக்குப் போன் செய்தது. அதற்கும் சிரித்தேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், காலையில் மருந்து வாங்கிப்போன பஸ் டிரைவர் ஒருவர் ஜன்னலுக்குத் திரும்பி வந்தார்.

"மேடம், எனக்கு எப்பவும் வெள்ளை மாத்திரைதான் குடுப்பீங்க. இது ரோஸ் கலர்ல இருக்கு. கம்பெனி மாத்திட்டாங்களா?"

ரத்தம் உறையாமல் இருக்க அவர் தினமும் சாப்பிடும் மாத்திரை அது. சீட்டில் ஒரு மில்லிகிராம். பெட்டியில் ஐந்து. சீட்டின் கீழே அக்காவின் கையெழுத்து பளிச்சென்று இருந்தது.

"இதுல ஒண்ணாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லைங்க, ராத்திரிதானே."

அக்கா மாற்றிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டாள். "பரவாயில்ல மேடம், மனுஷங்கதானே" என்று அவர் போய்விட்டார். வேறு யாரும் கவனிக்கவில்லை. ரோஸ் மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

காலையில் அக்கா பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே சீட்டைப் படித்திருக்கிறாள். அது புரிந்ததும், கை நடுங்கும் என்று காத்திருந்தாளாம். நடுங்கவில்லை. அந்த மனிதர் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து செத்திருக்கலாம் என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தாளாம். பக்கத்துத் தெருவில் யாருக்கோ நடந்த சங்கதி மாதிரி இருந்ததாம். உடனே எழுந்து தலைமை மருந்தாளுநரின் அறைக்குப் போயிருக்கிறாள்.

"நான் இனிமே ரெண்டாவது கையெழுத்துப் போடக் கூடாது சார். வேற ஆளைப் போடுங்க."

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தப்பு யாருக்கும் வரும்மா. அந்த ஆளுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே. உங்களை நம்பித்தான் இந்த இடமே ஓடுது."

"தப்பு பண்ணதுக்காக வரல சார். தப்புன்னு தெரிஞ்சும் எனக்குள்ள ஒண்ணுமே ஆகல. ரொம்ப நாளாவே எதுக்கும் ஆகல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் பொறுப்பு மாற்றம் கேட்கும் படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். 'காரணம்' என்ற கட்டத்தில் வேலைப்பளு என்றுதான் எல்லோரும் எழுதுவார்களாம். அக்கா, 'நான் சரியாக இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

வேலை நாளில், சாயங்காலம் நாலு மணிக்கு, அவள் என் வாசலில் வந்து நின்றதே இல்லை.

"யாருக்கு என்னாச்சு? அத்தானுக்கா? பாப்பாவுக்கா? வாயைத் திறந்து சொல்லேன்" என்று வழக்கம்போலக் கத்தினேன்.

அவள் செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்தாள். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்குத்தான்டி" என்றாள்.

நடந்ததையெல்லாம் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் சொல்லி முடித்தாள். நாளைக்கு டாக்டரிடம் போகலாம், நானும் வருகிறேன் என்றேன். சரி என்றாள். எனக்குப் பயமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, என் கையைப் பிடிக்கவும் இல்லை.