செல்லமுத்து சாருக்காகத் திருச்சிக்குப் போனவர்கள்

புதன்கிழமை காலை மருந்துக் கவுன்ட்டரைத் திறந்து சர்க்கரை மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது செல்லமுத்து சாரின் மனைவி பூங்கொடி அக்காவின் போன் வந்தது. "வசந்தி, சார் போயிட்டாரும்மா" என்றார். அழவில்லை. பின்னால் யாரோ கதவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. நான் "சரிக்கா" என்றேன். ஏன் சரி என்றேன் என்று இன்னும் தெரியவில்லை.

போனை வைத்ததும் நான் செய்த முதல் காரியம், மறுநாள் திருச்சிக்குக் கிளம்ப இருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு வர வேண்டாம் என்று சொன்னது. ஒருவர் உடனே புரிந்துகொண்டார். இன்னொருவர் வாலிகண்டபுரத்தில் பூக்கடை வைத்திருப்பவர். "ஏங்க, வேற ஆள் கெடச்சிட்டாங்களா?" என்று கேட்டார். அவருக்கு விஷயத்தைச் சொன்னேன். கவுன்ட்டருக்கு வெளியே நின்றிருந்த அம்மா, "மாத்திரையக் குடுங்கம்மா, பஸ் போயிடும்" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

செல்லமுத்து சார் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆய்வக நுட்புநர். வேப்பந்தட்டை சுற்றுவட்டாரத்தில் அவரை 'லேப் சார்' என்றால்தான் தெரியும். ஐம்பத்திரண்டு வயது. ஒல்லியான உடம்பு, எப்போதும் வேக நடை. அவருடைய அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக அரசு வேலைக்கு வந்தவர் அவர்தான். அதை அவர் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் வேலையில் ஒரு பயம் வைத்திருந்தார். ஒரு ரிசல்ட்டை இரண்டு முறை பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார்.

நான் மருந்தாளுநராக முதலில் சேர்ந்தது தா.பழூர்ப் பக்கத்து நிலையம் ஒன்றில். சார் அப்போது அங்கே இருந்தார். சேர்ந்த ஆறாவது மாதத்தில் அவர் மேல் ஒரு மனு வந்தது. கலியபெருமாள் என்ற லோடு ஆட்டோக்காரர் காய்ச்சலில் கிடந்த தன் அப்பாவை ஒரு மதியம் அழைத்து வந்திருக்கிறார். ஆய்வகம் பூட்டியிருந்திருக்கிறது. சார் பக்கத்து ஊர் முகாமுக்குப் போயிருந்தார். அவர் வந்துவிடுவார் என்று இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டு, பிறகு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் பெரியவர் இறந்துவிட்டார்.

விசாரணை நடந்தது. முகாமுக்குப் போனதற்கு உத்தரவு இருந்ததால் சார் மேல் தவறில்லை என்று முடிந்தது. நான் வாழ்த்துச் சொல்லப் போனேன். "இதுக்கு என்னத்துக்கு மேடம் சந்தோஷப்படணும்?" என்று கேட்டுவிட்டு நுண்ணோக்கிக்குள் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு டீ குடிக்கப் போனால்கூட, எங்கே போகிறேன், எத்தனை மணிக்கு வருவேன் என்று கதவில் சீட்டு எழுதி ஒட்டாமல் அவர் போனதில்லை.

சில ஆண்டுகள் கழித்து இருவருக்கும் வேப்பந்தட்டைப் பக்கம் மாறுதல் கிடைத்தது.

போன வருடம் மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் சமயம். சாருக்கு மூச்சு வாங்கியது. கையில் ஆங்காங்கே நீலம் கட்டியிருந்தது. கேட்டால் வண்டியில் இடித்துக்கொண்டேன் என்றார். ஒரு நாள் மதியம், தன் விரலைத் தானே குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரிசல்ட் சீட்டு வாங்கப் போனவள், வாசலிலேயே நின்றேன். சார் நெடுநேரம் நிமிரவில்லை. தகட்டை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தார். அதையும் பார்த்தார்.

"யாரோடது சார்?" என்றேன்.

"என்னோடதுதான். ரெண்டு தரம் பாத்துட்டேன்."

அவர் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இன்னிக்கு இருபது சாம்பிள் இருக்கு, அத முடிச்சிட்டுத் திருச்சிக்குப் போறேன்" என்றார். இருபதையும் முடித்துவிட்டுத்தான் போனார். அன்றைக்கே அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அரை நாளில் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். தெரிந்தும் மனம் ஆற மறுக்கிறது.

ரத்தப் புற்றுநோய். கீமோ தொடங்கினார்கள். மருந்து நோயை அழிக்கும்போது, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களையும் சேர்த்து அழித்துவிடும். வாரத்துக்கு இரண்டு முறை அவருக்குத் தட்டணு ஏற்ற வேண்டும், ஆட்களை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்றார்கள். அவருக்கு பி பாசிட்டிவ். எனக்கு வேறு வகை. பூங்கொடி அக்காவுக்கும் வேறு.

வாட்ஸப்பில் நான் ஒரு குரல் பதிவு போட்டேன். "நம்ம லேப் சாருக்கு முடியலீங்க. பி பாசிட்டிவ் இருக்கறவங்க திருச்சிக்கு வாங்க." அவ்வளவுதான் சொன்னேன். நாள், நேரம் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பதிவு எங்கெங்கோ சுற்றியது. மூன்றாம் நாள் காலையில் இரண்டு வேன்களிலும் பஸ்ஸிலுமாக ஐம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார்கள். ரத்த வங்கியில் மூன்று பேரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்களைப் போகச் சொன்னார்கள். கூலியை விட்டுவிட்டு வந்தவர்களுக்குக் கோபம். செக்யூரிட்டியோடு வாக்குவாதம். நான் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெயிலில் ஓடினேன்.

சார் படுக்கையிலிருந்து போன் செய்தார். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"என்னங்க மேடம் இது, திருவிழாவா? தட்டணு அஞ்சு நாளைக்கு மேல நிக்காது. இன்னிக்கு அம்பது பேரு வந்து என்ன பிரயோசனம்? நாலாவது மாசம் யார் வருவா? அதப் பாருங்க."

பிறகு அவரே ஒழுங்கு செய்தார். திங்களும் வியாழனும். நாளுக்கு இரண்டு பேர், ஒருவர் கொடுக்க, ஒருவர் மாற்றாக. வலி மாத்திரை போட்டவர்கள் வேண்டாம். பசியோடு யாரும் வரக்கூடாது. நாற்று நடவு, வெங்காயம் எடுப்பு, பருத்தி எடுப்பு என்று யாருக்கு எந்த மாதம் வேலை என்று கேட்டு அதற்குத் தகுந்தாற்போல் பெயர்களை மாற்றினார். வாய் முழுக்கப் புண்ணோடு, காய்ச்சலோடு, தன் உயிருக்கான வரிசையை அவரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

தா.பழூரிலிருந்து வந்த பெயர்களில் கலியபெருமாளும் இருந்தார். அதே கலியபெருமாள்தான். நான் ரத்த வங்கிப் படிக்கட்டில் அவரைப் பார்த்ததும் திகைத்துப்போனேன்.

"நீங்க எப்படிங்க..." என்று இழுத்தேன்.

"அவரு மேல கோவம் தீரலீங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. எனக்கு பி பாசிட்டிவ்" என்றார்.

கொடுத்துவிட்டு வந்து டீ குடித்துவிட்டுப் போய்விடுவார். சாரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். சாரிடம் தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்; சாரிடம் வரிசையைப் படித்துக் காட்டும்போது அந்தப் பெயரை விட்டுவிடுவேன்.

சார் பயந்தது போலவே நாலாவது மாதம் ஆட்கள் குறைந்தார்கள். ஒருவருக்குத் தலை சுற்றிவிட்டது. அதைப் பார்த்தவர்கள் ஊரில் போய் என்னென்னவோ சொன்னார்கள். சிலர் போனை எடுக்கவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. பெரம்பலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து திருச்சிக்கு இன்னொரு பஸ், கையில் ஊசியோடு ஒன்றரை மணி நேரம், ஒரு நாள் கூலி போச்சு. நான் மாத்திரை எண்ணிக்கொடுத்துக்கொண்டே காதில் போனை வைத்துக் கெஞ்சினேன். ராத்திரியும் அடுத்த கிழமைக்கு யார், அதற்கடுத்த கிழமைக்கு யார் என்பதே நினைப்பு.

ஒரு வியாழக்கிழமை ஒருவரும் வரவில்லை. சாருக்கு ஈறில் ரத்தம் நிற்கவில்லை என்று அக்கா போன் செய்தார். நான் லீவு சொல்லிவிட்டுத் தனியாகத் திருச்சி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். ஆளில்லாமல் போய் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாமலேயே போனேன். பாதி வழியில் கலியபெருமாள் கூப்பிட்டார்.

"மேடம், இன்னிக்கு யாரும் வரலியாமே."

"ஆமாங்க. நீங்க குடுத்துப் பத்து நாள்தான ஆச்சு, அதான் கூப்புடல."

"குடுக்கலாமான்னு மட்டும் சொல்லுங்க."

"குடுக்கலாம்."

அவர் நடவுக்கு நாற்று ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தவர். இறக்கி வைக்க நேரமில்லாமல், நாற்றுக் கட்டுகளோடு அப்படியே வண்டியைத் திருப்பிவிட்டார். ஆஸ்பத்திரி வண்டி நிறுத்துமிடத்தில் அவற்றின் மேல் சாக்கை நனைத்துப் போட்டுவிட்டு மேலே ஏறி வந்தார்.

அன்று சாயங்காலம் ரத்தம் நின்றது. "யார் குடுத்தா?" என்று சார் கேட்டார். என்னால் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். "போயிட்டாரா? நான் பாக்கணும்" என்றார்.

தொற்று வந்துவிடும் என்று அந்த வார்டுக்குள் யாரையும் விட மாட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் சார். இந்தப் பக்கம் கலியபெருமாளும் நானும். என் போனில் பேசினார்கள்.

"கலியபெருமாள், கேம்புக்குப் போனது தப்பில்லன்னு எழுதிட்டாங்க. ஆனா ஒரு சீட்டு எழுதி ஒட்டிட்டுப் போயிருந்தா, நீங்க காத்துக்கிட்டு இருந்திருக்க மாட்டீங்க. நேரா டவுனுக்குப் போயிருப்பீங்க. அந்த ரெண்டு மணி நேரம் என்னாலதான் போச்சு. அத நான் எந்த விசாரணையிலயும் சொல்லல. ஒங்ககிட்டயாவது வந்து சொல்லியிருக்கணும்."

கலியபெருமாள் கண்ணாடியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கப்பா பொழச்சிருப்பாரா?"

"தெரியாதுப்பா. பொய் சொல்லக் கூடாது. தெரியாது."

"சரிங்க" என்றார் கலியபெருமாள். பிறகு, "நாத்து வாடிடும், நான் கெளம்பறேன். அடுத்த வாரமும் வரேன்" என்று போனை என்னிடம் கொடுத்தார்.

அவர் வந்தார். அவர் தா.பழூரில் என்ன சொன்னாரோ, அதன் பிறகு அங்கிருந்து புதிதாக ஒன்பது பேர் வந்தார்கள். கடைசி வரை வரிசை அறுபடவில்லை.

நடுவில் இரண்டு மாதம் நோய் அடங்கியது. சார் வீடு திரும்பினார். முகக்கவசம் போட்டுக்கொண்டு ஒரு நாள் ஆய்வகத்துக்கு வந்து, தற்காலிகமாக இருந்த பெண்ணிடம் சாயம் சரியில்லை என்று சண்டை போட்டார். எங்களுக்கெல்லாம் அன்று அவ்வளவு சந்தோஷம். மறுமாதமே காய்ச்சல் வந்தது. நோய் திரும்பியிருந்தது. இந்த முறை மருந்து கேட்கவில்லை. கடைசியாக அவர் என்னிடம் பேசியது போன வியாழக்கிழமை. "இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல பேர் எழுதாதீங்க மேடம்" என்றார். எனக்குப் புரிந்தது. ஆனால் நான் அடுத்த மாதத்துக்கும் எழுதினேன்.

அடக்கத்துக்கு வந்தவர்களில் நிறையப் பேரை அவருடைய சொந்தக்காரர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்களுக்குள்ளும் ஒருவரையொருவர் தெரியாது. நாளுக்கு இரண்டு பேராகவே வந்து போனவர்கள். பந்தலில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டது என் காதில் விழுந்தது.

"நீங்க திங்களா, வியாழனா?"

"நான் வியாழன். தா.பழூர். நீங்க?"

"திங்கள்."

ஒருவர் நகர்ந்து மற்றவருக்கு நாற்காலியில் இடம் கொடுத்தார். பூக்கடைக்காரர் இரண்டு மாலைகளோடு வந்து, கலியபெருமாளிடம் ஒன்றைக் கொடுத்தார். பிறகு எல்லோரும் எழுந்து ஒவ்வொருவராக உங்கள் அருகில் வந்தார்கள், சார். உள்ளே விட மாட்டார்கள் என்று எட்டு மாதம் வாசலோடு திரும்பியவர்கள். பதிவைக் கேட்டு மட்டுமே வந்த பலர் அன்றுதான் உங்கள் முகத்தையே முதன்முதலாகப் பார்த்தார்கள்.

நல்லபடியாகப் போய் வாருங்கள், சார்.