ஐந்தின் தலையில் ஒரு இரண்டு

2003-ஆம் வருடம், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தோல் ஸ்டோரில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. என் அம்மா வேலூரில் நர்ஸ். ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்குத் தோலைப் பற்றி அது செருப்பாகும் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

அப்போது என்னோடு படித்தவர்கள் எல்லாரும் ஜாவா, ஜாவா என்று ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் யாரும் கேள்விப்படாத ஒரு கம்ப்யூட்டர் மொழியைப் பிடித்துக்கொண்டேன். பெயரைச் சொன்னால் இப்போதும் உங்களுக்குத் தெரியாது. ஸ்டோரில் இருந்த ஓட்டை கம்ப்யூட்டரில் அது ஒன்றுதான் திணறாமல் ஓடியது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பிரவுசிங் சென்டரிலிருந்து அந்த மொழியின் மின்னஞ்சல் குழுவுக்கு ஓர் அசட்டுக் கேள்வி அனுப்பினேன். மறுநாளே ஏதோ ஒரு குளிர் தேசத்துக்காரர் பொறுமையாக ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதியிருந்தார். குழுவில் மொத்தமே முப்பது நாற்பது பேர்தான். அந்த ஒரு பதிலில் நான் விழுந்துவிட்டேன். என் அக்கா வீட்டுக்காரருக்கு மட்டும் இது பொறுக்கவில்லை.

"ஜாவா படிச்சா பெங்களூரு போலாம். இத்த படிச்சு எங்க போவப்போற, வாணியம்பாடிக்கா?" என்பார்.

அந்த வீம்பில்தான் ஸ்டோருக்கு வரும் தோல்களின் அளவைக் கூட்டுவதற்கு அந்த மொழியிலேயே ஒரு சின்ன நிரல் எழுதினேன். அதைக் குழுவுக்கும் அனுப்பினேன். மொழியோடு சேர்த்து எல்லாருக்கும் கொடுக்கும் தொகுப்பில் அதையும் வைத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் எனக்குக் கால் தரையில் படவில்லை.

ஸ்டோரில் தோலைப் பிரித்து அடுக்குபவள் மாதனூர்ப் பெண். கம்பெனி பஸ்ஸில் வருவாள். என் வயதுதான். மதியம் அவள் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்புக்காகவே நான் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவேன். ஒவ்வொரு தோலின் பின்பக்கமும் எழுதியிருக்கும் அளவை அவள் சீட்டில் குறித்துத் தருவாள், நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன்.

ஒரு சனிக்கிழமை, புதிதாக வந்த இருநூறு ஆட்டுத்தோலை என் நிரலில் கூட்டினேன். தோல் அனுப்பியவர்களின் பில்லைவிட நாற்பத்தைந்து சதுர அடி கம்மி. தோல் எண்ணிக்கை சரியாக இருந்தது. அப்படியானால் யாரோ பெரிய தோலை எடுத்துக்கொண்டு சின்னதை வைத்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. சாவி அவளிடம் இருந்தது. மேனேஜர் சத்தம்கூடப் போடவில்லை. சாயங்காலம் பஸ் ஏறும் முன் கேட்டில் நின்று பதில் சொல்லிவிட்டுப் போ, இல்லாவிட்டால் திங்கள்கிழமை வர வேண்டாம் என்றார். கம்ப்யூட்டர் சொன்னால் அது வேத வாக்கு. எனக்கும் அப்படித்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அரை மணி நேரம் நானும் அவளைச் சந்தேகப்பட்டேன். அன்று மதியம் அவள் பக்கத்தில் உட்காரவில்லை.

அவளே என் மேஜைக்கு வந்தாள். அழவில்லை.

"மேடம், மிசினு சரின்னா நான் திருடின்னு ஆவுது. ஒரே ஒரு கட்டு கையால கூட்டலாம், வாங்க."

அவள் கூட்ட, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டில் ஐந்து போட்டு, அதன் தலைமேல் சின்னதாக ஒரு இரண்டு. அதை அவள் ஐந்தரை என்று கூட்டினாள். நான் அதை ஐந்து புள்ளி இரண்டு என்று ஏற்றியிருந்தேன்; நிரலையும் அப்படியே கூட்டும்படிதான் எழுதியிருந்தேன். ஏன் ஐந்தரை என்றேன்.

"மேல ரெண்டுன்னா ரெண்டு காலு, அர அடி. இது தெரியாமயா இத்தினி நாளா போட்டீங்க?"

தோல் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கால் கணக்கு அது. தெரியாது என்று ஒருத்தி வருவாள் என யாருமே நினைக்கவில்லை, அதனால் யாரும் சொல்லித்தரவில்லை. தலையில் இருக்கும் எண் எந்தச் சீட்டிலும் மூன்றைத் தாண்டாததை நான்கு மாதமாகப் பார்த்துக்கொண்டு, ஏன் என்று யோசிக்காத மண்டு நான். இதற்கு முன் வந்த சரக்கு எல்லாம் மாட்டுத்தோல். பெரிய பெரிய அளவில் அந்தக் கொஞ்ச வித்தியாசத்தை யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

சத்தமில்லாமல் திருத்திவிடலாமா என்று ஒரு நிமிடம் புத்தி போனது. போகவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவள் கேட்டில் நிற்க வேண்டுமே. மேனேஜரிடம் போய், தப்பு என்னுடையது, அவளுடையது இல்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். வாங்கிக்கட்டிக்கொண்டேன். பில்லுக்கும் தோலுக்கும் அரை அடிகூட வித்தியாசம் இல்லை. அவள் வழக்கமான பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் சர்ச் முடிந்ததும் பிரவுசிங் சென்டருக்குப் போய், நான் அனுப்பிய நிரல் தப்பு, அதனால் ஒரு பெண்ணின் வேலை போக இருந்தது என்று குழுவுக்கு எழுதினேன். துரத்திவிடுவார்கள் என்றே நினைத்தேன். அந்தக் குளிர் தேசத்துக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார். தப்பைக் கண்டுபிடித்தது யார்?

அடுத்த பதிப்பு வந்தபோது, மொழிக்கு உதவியவர்கள் பட்டியலில் என் பெயருக்கு மேலே அவள் பெயர் இருந்தது. பக்கத்தில் மாதனூர் என்றும் போட்டிருந்தார்கள். பிரிண்ட் எடுத்துப்போய்க் காட்டினேன்.

"நான் கூட்டித்தானே பாத்தேன், இதுக்கு எதுக்கு என் பேரு?" என்றாள். ஆனால் தாளை நான்காக மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அக்கா வீட்டுக்காரர் சொன்னது சரிதான், அந்த மொழி என்னை எந்த ஊருக்கும் கூட்டிப்போகவில்லை. பிழைப்புக்குப் பிறகு வேறு மொழிகள் படித்தேன். ஆனாலும் கணக்கு உதைக்கும்போதெல்லாம் யார் எடுத்தது என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொள்கிறேன்; கண்டுபிடித்தது அவள்தான் என்பதை, பக்கத்தில் உட்கார்ந்து அவள் குழம்பைச் சாப்பிட்ட நான், முகம் தெரியாத ஒருவர் கேட்ட பிறகுதானே எழுதினேன் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.