வாள் முனையில் எலுமிச்சை

வெள்ளிக்கிழமை காலையில் என் செல்போன் கடைக்கு எலுமிச்சையும் மிளகாயும் கட்ட வருகிறவரின் பெயரை நான் கேட்டதேயில்லை. புளியங்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். ஒல்லியான ஆள். எந்தப் பழத்தையும் முகர்ந்து பார்த்த பிறகுதான் கட்டுவார்.

ஒரு வாரம், ஐரோப்பியப் போர்வீரனின் அலங்கார வாள் ஒன்றை ஆன்லைனில் வாங்கி, முனை கீழே பார்க்கச் சுவரில் மாட்டியிருந்தேன். அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது எந்தச் சாமிக்கு அண்ணாச்சி?"

"சாமிக்கெல்லாம் இல்ல, சும்மா அழகுக்கு. முனைகூட மொட்டைதான்."

"சாமிக்கு நேந்துவிடாத ஆயுதத்த முனைய மூடாம வைக்கக் கூடாதுல்லா. பசியோட கெடக்கும்."

ஒரு பழத்தை முகர்ந்து, முனையில் மெதுவாகச் செருகினார். நுங்குக்குள் விரல் இறங்குவதுபோல வாள் உள்ளே இறங்கியது.

அதன்பிறகு வாராவாரம் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினார். எடுத்த பழத்தில் சொட்டுச் சாறு இருக்காது.

போன மாதத்திலிருந்து அவர் வரவில்லை. நானே ஒரு பழம் வாங்கி, இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தேன். அந்த மொட்டை முனையில் அது வழுக்கி வழுக்கி விலகியது; தோலில் ஒரு கீறல்கூட விழவில்லை.

முனை இன்னும் மூடாமல்தான் இருக்கிறது. அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி நான் இப்போது உட்காருவதில்லை.