ஒரு வாளிச் சட்டம்

"உள்ள ஆள் இருக்கேன்!" என்று குளியலறையிலிருந்து மனைவி கத்தும்போது விளக்கு ஏற்கெனவே அணைந்திருக்கும். சுவிட்சிலிருந்து விரலை எடுக்காமலேயே அவர் பதில் சொல்வார்: "ஜன்னல் இருக்குல்ல? வெளிச்சம் வருதுல்ல? சோப்பு எங்க இருக்குன்னு கைக்குத் தெரியாதா?"

கைக்குத் தெரியும். ஷாம்பு எது, பினாயில் எது என்பதில்தான் கைக்குக் கொஞ்சம் குழப்பம். ஒருமுறை அவளுடைய தலைமுடி மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி மணத்தது.

தெருவில் அவருக்கு 'மீட்டர்' என்று பெயர். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறிப்பது அவருடைய வேலை. போன வீட்டிலெல்லாம் புத்தி சொல்வது அவராகவே எடுத்துக்கொண்ட, யாரும் சம்பளம் தராத ஓவர்டைம். மற்றவர்கள் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டுவார்கள். இவர், டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் மீட்டரின் முன் நின்று உதட்டைப் பிதுக்குவார். "என்னங்க இது? வீடா, விமான நிலையமா?" என்பார். மேல் மாடித் தையல்காரம்மாவிடம், "மெஷினுக்கு மோட்டர் எதுக்கு? கடவுள் கால் குடுக்கலையா?" என்று கேட்டிருக்கிறார். "பில்லு நான்தானே சார் கட்டுறேன்?" என்றாள் அந்த அம்மா. "பில்லு உன்னோடதும்மா. பூமி எல்லாரோடதும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். இறங்கும்போது மாடிப்படி விளக்கையும் அணைத்தார். பின்னால் வந்துகொண்டிருந்தவர் இரண்டு படி உருண்டார்.

ஆள் ஒல்லி. நடந்தேதான் போவார். பல் தேய்ப்பது மூங்கில் பிரஷில். அதில் பூஞ்சை பிடித்தபோது, "பாத்தியா, உயிரு இருக்கு இதுல" என்று பெருமைப்பட்டார். குளித்த தண்ணீர் ரோஜாத் தொட்டிக்குப் போகும். சோப்பு குடித்தே செத்த ரோஜா உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். வெயில்தான் காரணம் என்று அவர் இன்றைக்கும் சாதிக்கிறார். வாஷிங் மெஷினைத் தம்பி வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தாயிற்று. "ரெண்டு பேருக்கு எதுக்கு மெஷின்? கையில துவைச்சா உடம்புக்கும் நல்லது." யாருடைய உடம்புக்கு என்று அவர் சொல்லவில்லை. மனைவிக்குச் சொல்லாமலேயே தெரிந்தது.

இந்த லட்சணத்தில்தான் மகள் கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்தாள். பேரனுக்குத் தலையில் முடி கிடையாது, தொண்டை மட்டும் மேடைப் பேச்சாளர் தொண்டை; அதனால் எல்லோரும் 'தலைவர்' என்றே கூப்பிட்டார்கள்.

தலைவர் வந்த மறுநாள், மருமகன் அனுப்பிய டயப்பர் பெட்டி வாசலுக்கு வந்தது. கூரியர்காரரை நிற்க வைத்து ஒரு சொற்பொழிவு நடந்தது. "இது மக்காது தம்பி. என் பேரன் தாத்தாவாகி, அவன் பேரன் தாத்தாவானாலும் இது எங்கயோ ஒரு குப்பைமேட்டுல அப்படியே கிடக்கும். யோசிச்சுப் பாத்தியா?"

"சார், நான் டெலிவரி மட்டும்தான் சார்."

பெட்டி வந்த வழியே திரும்பிப் போனது.

அதற்குப் பதிலாகத் தன் பழைய சீருடைச் சட்டைகளை வெட்டினார் மீட்டர். பல வருஷம் வெயிலில் அலைந்து பஞ்சாகிப்போன பருத்தி, குழந்தைத் துணிக்கு அதைவிட மிருது கிடைக்காது. அதில் தப்பே சொல்ல முடியாது. ஆனால் பாக்கெட்டைப் பிரிக்காமல் வெட்டியிருந்தார்.

"புள்ளை அதுல பேனாவா சொருகப் போறான்?" என்றாள் மனைவி.

"பாக்கெட் இருந்தா அந்த இடத்துல ரெண்டு மடிப்பு. நல்லா உறிஞ்சும். எல்லாம் யோசிச்சுத்தான் வெட்டியிருக்கேன்."

அன்றிலிருந்து தலைவர் பின்பக்கம் பாக்கெட் வைத்த ஆளாக வீட்டை ஆண்டார்.

சட்டமும் அன்றைக்குத்தான் பிறந்தது. எத்தனை துணி சேர்ந்தாலும் சோப்பு போட்டுத் துவைத்த பிறகு ஒரே வாளித் தண்ணீரில் ஒரே அலசு. அந்தத் தண்ணீரும் வீணாகாமல் கழிவறைக்குப் போக வேண்டும். துவைப்பது மனைவி; மகளுக்குப் பிரசவத் தையல் இன்னும் ஆறவில்லை. அவர் குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பார். "போதும், போதும், அலசியாச்சு. பிழிஞ்சுடு."

இவ்வளவு கறார் மனிதர், சாயங்காலமானால் வேறு ஆள். முன்பெல்லாம் வீடு திரும்பியதும் முதலில் போய் நிற்பது சொந்த மீட்டரின் முன்னால். இப்போது கைகாலைக் கழுவிக்கொண்டு நேரே தலைவரிடம். மார்பில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு அன்றைய சாதனைகளை ஒப்பிப்பார். "இன்னைக்கு ஒரு வீட்டுல நாலு ஏசிடா கண்ணு. தாத்தா விட்டேனா? புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன்." தலைவர் கேட்டுக்கொண்டே சட்டையை நனைப்பார். சட்டை நனைந்தது தெரிந்தும் அவர் எழுந்திருக்க மாட்டார். "தூங்குறான்டி. அசைஞ்சா முழிச்சுக்குவான்."

பிறகு மழை பிடித்துக்கொண்டது. துணிகள் நாற்காலி முதுகிலும் திரைச்சீலைக் கம்பியிலும் கதவுக் கைப்பிடியிலும் தொங்கின. மின்விசிறி இறக்கையில்கூடத் தொங்கின. அது எப்படியும் ஓடப்போவதில்லை என்பதால் ஆபத்து ஒன்றுமில்லை. எதுவும் முழுசாகக் காயவில்லை. வீடே ஈரத் துண்டுக்குள் சுற்றி வைத்த மாதிரி வாடை அடித்தது. தலைவரின் தொண்டை ராத்திரி பகல் பார்க்காமல் வேலை செய்தது.

எடை பார்க்க வந்த நர்ஸம்மா துணியை அவிழ்த்ததும், "அய்யோ, என்ன கண்ணு இது!" என்றார். தலைவரின் பின்புறம் பழுத்த தக்காளிபோல் சிவந்து கிடந்தது. மடித்து வைத்திருந்த துணி ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். நுனியைத் தண்ணீரில் நனைத்து இரண்டு விரலால் கசக்கினார். வெள்ளை வெளேரென்று நுரை எழும்பியது.

"யாரும்மா துணி அலசுறது? சோப்பு அப்படியே நிக்குது பாருங்க. போதாததுக்கு ஈரம் வேற. சின்னப் புள்ளை தோலு, எரியாம என்ன செய்யும்?"

மனைவி மீட்டரைப் பார்த்தாள். மகள் அவரைப் பார்த்தாள். தலைவர் மட்டும் பார்க்கவில்லை, அழுகையில் மும்முரமாக இருந்தார்.

"அது... இயற்கை சோப்புதாங்க" என்றார் மீட்டர்.

"தோலுக்கு அது தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு, நாலைந்து தண்ணீரில் நன்றாக அலசச் சொல்லி, நன்றாகக் காய்ந்த துணியைத்தான் கட்டச் சொல்லி, ஒரு களிம்பையும் கொடுத்துவிட்டு நர்ஸம்மா போனார்.

மகள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பார். பையை எடுத்து விரித்துத் துணிகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "நாளைக்குச் சாயங்காலம் கார் அனுப்பச் சொல்லிட்டேம்ப்பா. எங்க வீட்டுல மெஷின் இருக்கு. காய வைக்கவும் வழி இருக்கு."

"கொட்டுற மழையில புள்ளையத் தூக்கிட்டா? ஒரு மாசம் இருக்கேன்னு சொன்னியேம்மா?"

"பூமிய நீங்க பாத்துக்குங்க. இவன நான் பாத்துக்குறேன்."

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. ஊரில் பல வீட்டுக்காரர்கள் நிம்மதியாக ஏசி போட்டிருப்பார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துணி மலையின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இதுவரை சட்டம் போட்ட கை, முதல்முறையாக அலசும் துணியைத் தொட்டது. முதல் வாளியில் நுரை. இரண்டாவதிலும் நுரை. வாசலில் கிடந்த ஸ்டூலில் இப்போது மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"மூணாவது வாளிங்களா?"

"ம்."

"இல்ல, சட்டம் மாறிடுச்சான்னு கேட்டேன்."

"பேசாம இரு."

நாலாவது வாளியில் தண்ணீர் தண்ணீராகத் தெரிந்தது. கையை விட்டுக் கலக்கி, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு நம்பிக்கை வராமல் இன்னொரு வாளியும் பிடித்தார். எழுந்திருக்கும்போது இடுப்பு பாதி வழியில் நின்றுகொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இத தினமும் நீயா செஞ்ச?"

"இல்ல, தேவதை வந்து செஞ்சுட்டுப் போச்சு."

துவைத்தாயிற்று. மழை நின்றபாடில்லை. விசிறி இறக்கையிலிருந்து துணிகளை எடுத்துவிட்டு, அவர் கையாலேயே சுவிட்சைப் போட்டு, முழு வேகத்தில் வைத்தார். மூலையில் தூங்கிக்கொண்டிருந்த பூனை அந்தக் காற்றுக்குப் பயந்து வெளியே ஓடியது. துணியின் விளிம்புகூடக் காயவில்லை. மதியம் தாண்டியது. மகள் தலைவருக்குத் தொப்பி தேடிக்கொண்டிருந்தாள்.

மீட்டர் மாடியேறித் தையல்காரம்மாவின் கதவைத் தட்டினார்.

"இஸ்திரிப் பெட்டி கொஞ்சம் குடும்மா."

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "மீட்டர் சார், இது கரண்ட்ல சூடாகுறது."

"தெரியும்மா."

"சும்மா தெரிஞ்சா போதாது சார். போட்டா மீட்டர் றெக்கை கட்டிப் பறக்கும். அப்புறம் வீடா, விமான நிலையமான்னு நீங்களே உங்களக் கேட்டுக்கணும்."

"தாயே, குடு. புள்ளைக்கு."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். பெட்டியோடு கனமான விரிப்பு ஒன்றையும் கொடுத்து, "துணிய இழுக்காதீங்க, அழுத்தி எடுங்க" என்றாள்.

சாப்பாட்டு மேஜையில் விரிப்பைப் போட்டு ஆரம்பித்தார். முதல் துணியில் பழுப்பாய் ஒரு முக்கோணம் விழுந்தது. அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தார். ஆவி எழும்பி மூக்குக்கண்ணாடியை மூடியது. துடைக்க நேரமில்லை. மகள் பையைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள். கீழே கார் வந்து நின்று ஹார்ன் அடித்தது. அவர் நிமிரவில்லை. பாக்கெட்டுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். அந்த இரண்டு மடிப்புக்குள் மட்டும் இன்னும் ஈரம். பக்கத்திலிருந்த கத்தரிக்கோலை எடுத்துப் பாக்கெட்டின் தையலைப் பிரித்தார். மறுபடி அழுத்தினார்.

தலைவர் நனைத்துவிட்டு வீறிட்டார். மகள் பையின் பக்கத்திலேயே ஒரு பாயைப் போட்டு, தலைவரைக் கிடத்தி, ஈரத்தை அவிழ்த்தாள். இரண்டு குட்டிக் கால்களையும் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையை அப்பாவின் பக்கம் நீட்டினாள்.

"குடுங்கப்பா."

கீழே ஹார்ன் மறுபடி அடித்தது. "அம்மா, கொஞ்சம் நிக்கச் சொல்லு" என்றாள் மகள். கை நீட்டியபடியே இருந்தது.

அவர் துணியை நீட்டினார். அவள் விரல் படும் நேரத்தில் வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, துணியை ஒரு கன்னத்தில் வைத்து அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அதை நம்பாமல் மறு கன்னத்திலும் வைத்துப் பார்த்தார். அப்புறம்தான் கொடுத்தார்.