செத்தவர்களுக்கெல்லாம் ஒரே முகம்

குன்றாண்டார்கோவில் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் சாலையோரத் தோட்டங்களைப் பார்த்தால் தெரியும். சமாதிக்குச் சமாதி இருளாண்டி நிற்கிறார். ஓரிடத்தில் தலைப்பாகை கட்டி, ஓரிடத்தில் மூக்குக்கண்ணாடி போட்டு, வளைவுக்கு அந்தப் பக்கம் சிவப்புச் சேலையும் தாலியுமாக. ஆள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார் என்பதுதான் இதில் கொடுமை.

எங்கள் பக்கத்தில் கொஞ்சம் வசதி வந்த வீடுகளில், அப்பாவோ அம்மாவோ செத்தால் முதல் வருசத் திதியன்று தோட்டத்தில் சிமெண்டுச் சிலை வைப்பார்கள். அதற்கு இருளாண்டியை விட்டால் வேறு ஆள் கிடையாது. கொத்தனாராக இருந்து சிலைக்கு வந்தவர். சட்டை, மீசை, பையில் பேனா எல்லாம் போட்டோவைப் பார்த்து அச்சாகச் செய்துவிடுவார். முகத்துக்கு வந்ததும் எதிரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டிக்கொள்வார்.

"போட்டோவுல மூக்கு படுத்துக் கெடக்கு. நான் எதத் தொட்டு அளக்குறது?" என்பார். தன் மூக்கைத் தடவிப் பார்த்து, அதே கையால் சிமெண்டைத் தடவுவார். அப்புறம் வேறு யார் முகம் வரும்?

பூசை போட்டு மாலை விழுந்த சிலையைத் திருப்பி அனுப்ப முடியாது. அதில்தான் அவர் பிழைப்பு ஓடியது. ஆனால் ஒவ்வொரு திறப்பிலும் உறவுக்காரர்கள் சிரிப்பை அடக்க வாயில் துண்டை வைத்துக்கொண்டு குலுங்குவார்கள். மனிதருக்கு அதுதான் தாங்காது.

"நான் செஞ்சதப் பாத்து ஒருத்தராவது அழணும்யா. அதுக்குப் பேருதான் கலை" என்று டீக்கடையில் என்னிடமே சொல்லியிருக்கிறார். வீட்டிலும் சொல்லியிருக்கிறார். "வெங்காயம் உரிச்சாலுந்தான் அழுகை வருது. அதுவும் கலையா?" என்று கேட்டுவிட்டார் அவர் மனைவி சொர்ணவல்லி. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

போன வருசம் டிராக்டர் ஓட்டுகிற நாகராசு செத்தார். மகன் பிரசாந்த் குவைத்தில் இருந்தான். லீவு கிடைக்காமல் அடக்கத்தை வீடியோ காலில் பார்த்தான். சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வருசத் திதிக்கு ஊர் வந்து சேர்ந்தும் அழவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று ஊரே பேசியது.

இருளாண்டிக்கு மட்டும் நப்பாசை. இவனையே அழவைத்துவிட்டால் தன்னைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது என்று கணக்குப் போட்டார். கண்ணாடியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, போட்டோவை மட்டும் பார்த்துச் செய்தார். கை கேட்டால்தானே. அது பழகின மூக்கைத்தான் செய்தது.

திறப்பு அன்று சிலையை மூடியிருந்த வேட்டியைப் பிரசாந்த் விலக்கினான். விரலில் டிராக்டர் சாவியை மாட்டிக்கொண்டு இருளாண்டி நின்றார். நாகராசுவின் மனைவி செங்கமலம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். பிரசாந்த் வாய்விட்டே சிரித்தான். இருளாண்டியின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. எந்த முகத்தை என்று கேட்காதீர்கள்.

"அண்ணே, எங்கப்பா மூக்கு இப்பிடி இருக்காதுண்ணே" என்றான் பிரசாந்த், சிரிப்பு அடங்காமல். "சப்ப மூக்கு. இங்கிட்டு, புருவத்துல ஒரு வெட்டு இருக்கும். சிரிச்சா வாய் ஒரு பக்கமாக் கோணும். வீடியோ கால்ல வந்தா நெத்தி மட்டுந்தான் தெரியும். அந்த நெத்திதான் கேக்கும், சாப்ட்டியாடான்னு..."

சிலையின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். "இது அவரு இல்லம்மா. அவரு எங்கம்மா?" என்று சின்னப்பிள்ளை மாதிரி கதறிவிட்டான். செங்கமலம் அழுதார். கூட்டமே அழுதது. நானும்தான்.

ஆசைப்பட்டது கண்முன்னே நடக்கிறது. இருளாண்டியால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "அழாதீங்க தம்பி. மூக்க மாத்திடுறேன், இந்தா, ஒரு நிமிசம்" என்று அவரும் அழுதுகொண்டே கொத்துக் கரண்டியோடு பீடத்தில் ஏறினார்.

செங்கமலம் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"விடுங்கண்ணே. அவரு மூஞ்சிதான் எங்களுக்குத் தெரியுமே."