தண்ணீர் விட்ட கை

கார்பன் ஃபைபர் இரும்பைப்போல முன்கூட்டி வளைந்து எச்சரிப்பதில்லை. முறியும் கணம்வரை முழுமையாகவே தோன்றும். இதை நான் அறிந்துகொண்டது என் மகன் இறந்த பிறகு. திருமங்கலம் நெடுஞ்சாலையின் மேம்பாலச் சரிவில் அவனுடைய சைக்கிளின் ஹேண்டில் பார் கையோடு கழன்று வந்துவிட்டது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கிலிருந்து எழுந்து ஹேண்டில் பாரைத் தாங்கும் கறுப்புக் கார்பன் குழாய் முறிந்திருந்தது.

அந்தக் குழாய் கடையில் நீளமாகவே கிடைக்கும். ஓட்டுபவரின் அளவுக்கு அறுத்துக்கொள்ள வேண்டும். அவனுடையது எங்கள் பசுமலை வீட்டின் பின்புறத் துவைகல்லில், நானும் மனைவியும் வெளியூர் சென்றிருந்த ஒரு நாளில் அறுக்கப்பட்டது. விரிசல் அந்த அறுத்த விளிம்பிலிருந்தே இறங்கியதாக எனக்குப் பட்டது. யார் அறுத்தது, எப்படி அறுத்தது: அந்த மாதங்களில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"நான்தான்ப்பா அறுத்தேன்," என்றான் அவனுடைய நண்பன். கணினிக் கடை வைத்திருப்பவன். "மாப்ள சும்மா வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னான்."

நான் கேட்கவில்லை, அவனாகவே வந்து சொன்னான். கேளாமல் வரும் ஒப்புதலுக்குள் அதைவிடப் பெரிய ஒன்று மறைந்திருக்கும் என்று ஐயுற்றேன். அவசரத்தில் அறுத்தானா, பேசிக்கொண்டே அறுத்தானா? ஃபோர்க்கில் எஞ்சியிருந்த குழாயை என் முன்னால் மறுபடியும் அறுத்துக்காட்டச் சொன்னேன். தயங்காமல் ஒப்புக்கொண்டான். அந்தத் தயக்கமின்மையும் எனக்குப் பிடிக்கவில்லை.

"வர்றவனுக்குச் சோறு உண்டா, இல்ல விசாரணை மட்டுந்தானா?" என்றாள் மனைவி.

"முதல்ல பாக்கலாம்," என்றேன்.

பல ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் செய்முறைத் தேர்வுகளை நடத்தியவன் நான். இருவராகச் சேர்ந்து சோதனை செய்யும் மாணவர்களில் எவன் செய்தவன், எவன் பக்கத்தில் நின்றவன் என்பதைக் கைகளைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

முழுக்கைச் சட்டையோடு வந்தான். துவைகல்லின் மேல் நனைத்த செய்தித்தாளை விரித்தான். கையுறை அணிந்தான். என்னிடமும் ஒரு முகமூடியை நீட்டினான்.

"போட்டுக்கங்கப்பா. இந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா வெளிய வராது." பிறகு, "இப்ப ரெண்டு பேரும் ஆஸ்பத்திரில வேலை பாக்குறவங்க மாதிரியே இருக்கோம்," என்றான். நான் சிரிக்கவில்லை.

குழாயைச் சுற்றி டேப் ஒட்டி, அதன்மேல் கோடிட்டான். அதுவரை அவனிடம் குறை காண முடியவில்லை. இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடை எடுத்ததும் நிலைமை மாறியது. முதல் இழுப்பிலேயே பிளேடு கோட்டைவிட்டு வழுக்கியது. அழுத்தினான், மீண்டும் வழுக்கியது. இடக்கையை எங்கே வைப்பதென்றே அவனுக்குத் தெரியவில்லை.

"கொஞ்சம் தண்ணி விடுங்கப்பா."

செம்பைச் சாய்த்தேன்.

"அய்யய்யோ, அம்புட்டு வேணாம்ப்பா! சொட்டுச் சொட்டா, பல்லு கடிக்கிற எடத்துல மட்டும்." பிளேடைக் கீழே வைத்துவிட்டுச் செம்பை வாங்கி விட்டுக்காட்டினான். அந்தக் கை பிசகவில்லை. ஒவ்வொரு சொட்டும் கோட்டின் மேலேயே விழுந்தது.

அறுத்தவன் என் மகன். இவன் தண்ணீர் விட்டவன்.

நான் பிளேடை எடுத்துக்கொண்டு அறுக்கத் தொடங்கினேன். அவன் செம்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பாதி ஆழம் போனதும், நான் கேட்காமலே குழாயை மறுபுறம் திருப்பினான்.

"ஒரே பக்கமா கடைசி வரைக்கும் போனா நார் பிஞ்சிரும்ப்பா."

துண்டு விழுந்தது. விளிம்பில் ஓர் இழைகூடப் பிரிந்திருக்கவில்லை. இவனுக்கு இது தெரிந்திருக்கிறதென்றால், என் மகனும் பாதியில் நிறுத்தி, திருப்பி, பொறுமையாகத்தான் அறுத்திருக்கிறான். பிறகு ஏன் முறிந்தது என்பதற்கு அந்தத் துவைகல்லில் விடை இல்லை.

பெருக்கினால் தூசி எழும் என்பதால், கறுப்புச் சேற்றை ஈரத்துணியால் ஒற்றியெடுத்துப் பிளாஸ்டிக் பையில் கட்டினோம். முடிச்சுப் போட்டுக்கொண்டே, என்னைப் பாராமல் சொன்னான்: "அம்மாகிட்ட நான் அறுத்ததாவே இருக்கட்டும்ப்பா."

முகமூடியைக் கழற்றி அவனிடம் கொடுத்தேன்.

மனைவி பின்வாசலுக்கு வந்து நின்றாள். "என்ன, தெரிஞ்சுதா?"

"கை கழுவிட்டு வாரோம்," என்றேன். "ரெண்டு பேருக்கும் சோறு போடு."