நான் கைமாற்றிவிட்ட ஆட்டக்காரர்

டண்டினொங் நகரில், வாகன உதிரிப்பாகக் கிடங்கு ஒன்றின் அலுவலகத்தில் வேலை செய்த காலத்தில், நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பேஸ்போல் போட்டி நடத்தினோம். மட்டையையோ பந்தையோ யாரும் தொட்டதில்லை. அமெரிக்காவில் ஆடும் நிஜ ஆட்டக்காரர்களை எங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வோம். அவர்கள் அங்கே நன்றாக ஆடினால் இங்கே எங்கள் அணிக்குப் புள்ளி. ஓர் ஆள் குறைகிறதென்று கூப்பிட்டார்கள், சேர்ந்தேன். ஓர் ஆட்டத்தைக்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை.

சாப்பாட்டு அறைச் சுவரில் எங்களுக்கென்று ஒரு கௌரவப் பலகை இருந்தது. ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களில் எங்கள் போட்டியில் பேர் வாங்கிக் கொடுத்தவர்களின் படத்தை, வாக்கெடுத்து அதில் ஒட்டுவோம்.

ஒருமுறை, முழங்கால் காயத்தால் விலகிய ஓர் ஓட்டக்காரரை, எங்கள் ஐவரில் ஒருவரான, கிடங்கில் சாமான் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் அங்கிள் முன்மொழிந்தார். அந்த ஆளால்தான் அங்கிளுக்கு ஒரு வருடம் கோப்பை கிடைத்தது. எங்கள் மேற்பார்வையாளர், மலேசியத் தமிழர், ஒத்துக்கொள்ளவில்லை.

“ஒரு சீசன் நல்லா ஓடுனா போதுமா? மத்த வருசத்தையும் பாருங்க” என்றார்.

ஆதரவு இரண்டு, எதிர்ப்பு இரண்டு. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த ஓட்டக்காரர் முதலில் என் அணியில்தான் இருந்தார். இரண்டு வருடம் ஒன்றும் கிழிக்கவில்லை. அவரை அங்கிளுக்குக் கொடுத்துவிட்டுப் பந்து எறிபவர் ஒருவரை வாங்கினேன். அவர் இரண்டாம் வாரமே தோள் காயத்தோடு படுத்துவிட்டார். நான் விட்டவரோ அங்கிளுக்காக ஓடு ஓடென்று ஓடினார்.

ஒரு நாள் அவகாசம் கேட்டேன். வீட்டில் பழைய புள்ளித் தாள்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். எல்லா வருடங்களையும் சேர்த்தால் அவர் சாதாரண ஆள். ஆனால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்றால் அது நியாயமா, கைவிட்ட எரிச்சலா?

“உமக்கு அந்த ஆளில என்ன கோவம்?” என்று கணவர் கேட்டார்.

“தெரியேல்ல. ஆளின்ர முகமே எனக்குத் தெரியாது.”

மறுநாள் ஆதரித்து வாக்களித்தேன். அங்கிள் உடனே படத்தை ஒட்டினார். மேற்பார்வையாளர் என் மேசைக்கு வந்தார்.

“நீங்களாவது நம்பரைப் பாத்து முடிவு பண்ணுவீங்கன்னு நெனச்சேன்.”

என்னைப் பொறாமைக்காரி என்று நானே நினைத்துவிடக் கூடாதென்றுதான் ஆதரவாகப் போட்டேனோ?

பின்னேரம் அங்கிளிடமே கேட்டேன். “உண்மையாச் சொல்லுங்கோ அங்கிள், அவர் தகுதியான ஆளோ?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “ஓம் எண்டுதான் நினைக்கிறன் பிள்ளை. ஆனா நானும் அவன் ஓடினதைப் பாக்கேல்ல.”

இருவரும் போய்ப் படத்தைப் பார்த்தோம். தொப்பி கண்ணை மறைத்திருந்தது. அந்த வேலையை விட்டு வரும்வரை, சாப்பிடும்போதெல்லாம் அந்தப் பலகைக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்தேன். ஏனென்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.